ரெட்டை முறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் நடுக்காட்டுக் கிணற்று மேட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். கிணற்றை வெட்டியவரின் மூத்த மகன் கருப்பணன், வயது அறுபத்திரண்டு. அவர் மனைவி மூக்காயி, கையில் கஞ்சிக் கலயம். கருப்பணனின் கடைசித் தம்பி மகன் காத்தமுத்து. நடுத்தம்பியின் மருமகள் பெருமாயி. புருஷன் பெருமாள்சாமி போய் அவளுக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் தோல் சாலைத் தைக்க வந்த இருளப்பன், மடியில் ஊசியும் வாரும். பள்ளிக்கூடத்து ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார், குளித்து முடித்து ஈரத் துண்டோடு நின்றவர். இவர்களைத் தவிர பெருமாயியின் காளைகள் இரண்டு, செவலையும் மயிலையும். வேறு யாரும் இல்லை.

சேவுகம்பட்டிக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி அந்தக் கிணறு. கருப்பணனின் அப்பா பாறையை உடைத்து வெட்டியது. கோடையிலும் மூன்று ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். அவர் சாகும்போது மூன்று மகன்களையும் கூப்பிட்டு, கிணறு மூன்று பேருக்கும் சமம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் மூன்று நாள் முறை. ஒரு நாள் பெரிய வீடு, மறுநாள் சின்ன வீடு, அடுத்த நாள் நடுவீடு. நாற்பது வருஷமாக ஒரு நாள்கூட அந்த முறை தவறியதில்லை. பக்கத்து ஊர்களில் கிணற்றுத் தண்ணீருக்காக மண்டை உடைந்ததுண்டு. இந்தக் குடும்பத்தில் ஒரு கெட்ட வார்த்தை விழுந்ததில்லை. அது கருப்பணனின் கட்டுப்பாடு. முதுகு வளையாத மனிதர். நடந்தால் நட்டுவைத்த பனை நகர்ந்து வருவது போலிருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் அதைத் திரும்ப எடுக்க மாட்டார். அப்படி எடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோமாரி வந்து நடுவீட்டு மாடுகள் இரண்டும் ஒரே வாரத்தில் செத்தன. பெருமாள்சாமி வண்டியோட்டிப் பிழைப்பவன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுவான். மாடில்லாமல் வண்டி எதற்கு? கிணற்றில் நாலில் ஒரு பாகத்தைக் காத்தமுத்துவுக்கு எழுதிக் கொடுத்து, பதிலுக்கு ஒரு ஜோடிக் காளை வாங்கினான். அவைதான் இந்தச் செவலையும் மயிலையும். அன்றைக்குப் பெருமாயி கேட்டாள், “நம்ம பங்கு முழுசையும் எழுதிக் குடுத்துட்டா இன்னொரு பசு கேக்கலாமே?” அவன் சொன்னான், “முழுசையும் குடுத்துட்டா கிணத்து மேட்டுல நமக்குக் கால் வைக்க இடமிருக்காது புள்ள. கொஞ்சம் கெடக்கட்டும்.”

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் வண்டியோடு அலைந்ததால் நடுவீட்டு நிலம் வானம் பார்த்துக் கிடந்தது. தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. நடுவீட்டு நாளையும் காத்தமுத்துவே முழுதாக இறைத்துக்கொண்டான். போன வருஷம் மஞ்சள்காமாலையில் பெருமாள்சாமி போனான். காளைகளும் காய்ந்த நிலமும் அவளுக்கு மிஞ்சின. வண்டிக்கு ஒரு பெண் சந்தை சந்தையாகப் போக முடியாது. அவள் விதை வெங்காயம் வாங்கி, இருபத்துநாலு பாத்தி கட்டி, வியாழக்கிழமைக்கு முந்தின நாள் நட்டிருந்தாள். சின்ன வெங்காயத்துக்கு நட்ட மூன்றாம் நாளுக்குள் உயிர்த்தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் நட்டது நட்ட இடத்திலேயே சுருங்கிவிடும்.

வியாழன் நடுவீட்டு நாள். பொழுது கிளம்புமுன் அவள் காளைகளைப் பூட்டிக் கமலை வடத்தை மாட்டிவிட்டாள். அப்போதுதான் காத்தமுத்து வந்து வடத்தைப் பிடித்தான்.

“என்ன மதினி இது? மாட்டை அவுத்துருங்க.”

“இன்னிக்கு நடுவீட்டு முறை கொழுந்தனாரே.”

“நடுவீட்டு முறைதான் எனக்கு வந்துருச்சுல்ல? அண்ணன் எழுதிக் குடுத்தது மறந்துபோச்சா?”

“எழுதிக் குடுத்தது காலு. எங்களுக்கு இருந்தது மூணுல ஒண்ணு.”

“அதத்தான நானும் சொல்றேன். ஒரு பங்கு இருந்துச்சு. ஒரு பங்கு குடுத்தாச்சு.”

“அந்தப் பங்கும் இந்தப் பங்கும் ஒரே அளவா?”

“பங்குன்னா பங்குதான். அதுல என்ன ஆம்பளைப் பங்கு, பொம்பளைப் பங்கு?”

இருளப்பன் சாலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். கிணற்றுப் படியில் ஏறி வந்த வாத்தியார் துண்டைப் பிழிந்தபடி நின்றார். சத்தம் கேட்டுப் பக்கத்து மிளகாய்க் காட்டிலிருந்து கருப்பணன் வந்தார். பின்னால் கலயத்தோடு மூக்காயி.

கருப்பணன் இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டார். நின்றபடியே கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் துண்டை உதறினால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

“ஏத்தா பெருமாயி. உங்க வீட்டுக்கு மூணுல ஒண்ணு இருந்துச்சு.”

“ஆமா மாமா.”

“நாலுல ஒண்ணு குடுத்தீக.”

“ஆமா மாமா.”

“ஒண்ணுல ஒண்ணு போனா என்னத்தா மிச்சம்? ஒண்ணுமில்ல. மாட்டை அவுரு.”

காத்தமுத்து வடத்தைக் கழற்றக் குனிந்தான். பெருமாயி வடத்தின் மேல் காலை வைத்தாள்.

“மாமா, நான் எதுத்துப் பேசுறதா நெனைக்காதீக. ஒரு வெள்ளரிப்பழத்தை மூணு பேருக்கு வெட்டுறோம். இன்னொரு வெள்ளரிப்பழம், அதே அளவு, நாலு பேருக்கு வெட்டுறோம். துண்டு ரெண்டும் ஒண்ணு போல இருக்குமா?”

பெருமாயி கையை விரித்துக் காட்டினாள்.

“எங்கையில இருந்தது பெரிய துண்டு. குடுத்தது சின்னத் துண்டு. அப்ப எங்கையில ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கணும்ல?”

“எம்புட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு?” என்றான் காத்தமுத்து. “சொல்லுங்க மதினி. எம்புட்டு?”

“அது தெரியல” என்றாள் பெருமாயி.

“தெரியாத பங்குக்கு எப்படித் தண்ணி விடுறது? உள்ளங்கையில ஏந்தியா?”

அப்போது ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் மெல்லச் சொன்னார், “பன்னெண்டுல ஒண்ணுங்க.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் திண்டுக்கல் டவுன்காரர். மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஊர்ப் பஞ்சாயத்துகளில் வாய் திறக்காதவர்.

“அது என்ன கணக்கு வாத்தியாரே?” என்றார் கருப்பணன். “அரைக்கால் தெரியும். வீசம் தெரியும். நீங்க சொல்றது அரைக்காலா, வீசமா?”

“ரெண்டுமில்லீங்க. வீசத்துக்கு மேல, அரைக்காலுக்குக் கீழ.”

“அதுக்குப் பேரு?”

“தனியாப் பேரு ஒண்ணும் இல்லீங்க. பன்னெண்டுல ஒண்ணுதான்.”

“பேரில்லாத பங்கு.” கருப்பணன் சிரிக்கவில்லை. காத்தமுத்து சிரித்தான். நம் பக்கத்து ஆட்களுக்குப் பாதி தெரியும். பாதியைப் பாதியாக்கிக் கால், காலைப் பாதியாக்கி அரைக்கால், அரைக்காலைப் பாதியாக்கி வீசம். வேட்டியை மடிப்பது போல மடித்துக்கொண்டே போவார்கள். மடிப்பில் வராத அளவை அளவு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

“வாத்தியாரே, பள்ளிக்கூடத்துக் கணக்கு பள்ளிக்கூடத்துல இருக்கட்டும். கிணத்து மேட்டுல முறைதான் கணக்கு.” கருப்பணன் பெருமாயி பக்கம் திரும்பினார். “நான் சொன்னது சொன்னதுதான். ஆனா நியாயம் கேட்டவளை வாயடைச்சு அனுப்புனேன்னு பேரு வேணாம். அடுத்த நடுவீட்டு முறை ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு உன் மிச்சம் எம்புட்டுன்னு முறையில சொல்லு. இந்த ஆறு பேரும் இருப்போம். சொல்ல முடியலையா, அதுக்கப்புறம் இந்தப் பேச்சு கூடாது.”

“வெங்காயம் அதுவரைக்கும் தாங்காது மாமா.”

“கொடத்துல மோந்து ஊத்து. கொடத்துத் தண்ணிக்கு முறை கிடையாது.”

அவள் காளைகளை அவிழ்த்தாள். ஒரு மணி நேரத்தில் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகக் கிணற்றுக்கும் பாத்திக்கும் நடக்கத் தொடங்கினாள்.

மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே கொடைக்கானல் மலை நீலமாகத் தெரிந்தது. மேகம் ஒன்றும் இல்லை. வறண்ட காற்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு வந்தது. கிணற்றில் நாற்பத்தெட்டுப் படி. படியிறங்கி மொண்டு, படியேறி, வரப்பில் இருநூறு எட்டு நடந்து, ஒரு பாத்திக்கு நாலு குடம். வெங்காயத்தின் தலை நனைந்தால் போதும் என்று கையால் தெளித்தாள். ஊற்றினால் மண் கரைந்து வேர் தெரிந்துவிடும். வியாழன் பொழுது சாயும்போது ஒன்பது பாத்தி முடித்திருந்தாள்.

கருப்பணன் மிளகாய்க் காட்டில் நின்று பார்த்தார். பார்க்கக் கூடாதென்று முதுகைக் காட்டி நின்றாலும் குடத்துத் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. சாலையில் சேவுகம்பட்டிக்குப் போகிற வண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, “அது யாரு, உங்க வீட்டு மருமகளா? கமலை கட்டுன கிணத்துல எதுக்குக் கொடம் தூக்குது?” என்று கேட்டான். கருப்பணன், “மாட்டுக்கு மேலு சரியில்ல” என்றார். சொன்ன பிறகு தன் வாயில் வந்தது பொய் என்று உறைத்தது. அறுபத்திரண்டு வயதில், சொந்தக் கிணற்று மேட்டில், முன்பின் தெரியாத வண்டிக்காரனிடம்.

மறுநாள் வெள்ளி. பெரிய வீட்டு முறை. விடிந்ததிலிருந்து மகனோடு கமலை ஓட்டிவிட்டு மத்தியானம் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்தார். மூக்காயி வெண்கலக் கும்பாவில் கம்மங்கஞ்சியை ஊற்றி, மோர் மிளகாயும் உரித்த வெங்காயமும் வைத்தாள். வைத்த கையோடு புலம்ப ஆரம்பித்தாள்.

“சட்டுனு குடிங்க. எனக்கு வேலை கெடக்கு. கோயிலுக்குப் போகணும். இன்னிக்கு ரெட்டை முறை.”

ரெட்டை முறை என்பது அந்தக் குடும்பத்து வார்த்தை. கிணற்று ஓரத்தில் காளியம்மாள் கோயில் ஒன்று உண்டு. அதற்கு விளக்கேற்றும் முறை நாலு வீட்டுக்கு: பெரிய வீடு, சின்ன வீடு, நடுவீடு, பூசாரி வீடு. ஆக ஒரு வீட்டுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை விளக்கு வரும். கிணறு மூன்று நாளைக்கு ஒரு தடவை. கமலைச் சால் தோல். சாலைத் தொட்ட கையால் அன்றைக்கு அம்மனுக்கு விளக்கேற்றக் கூடாது. அதனால் இரண்டு முறையும் ஒரே நாளில் வந்து விழுந்தால் வீட்டில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கமலைக்கு, ஒருவர் கோயிலுக்கு. மூக்காயி வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் கோயில் வேலை அவள் தலையில்.

“உங்களுக்கென்ன, மாட்டுப் பின்னாடி போயிட்டு வந்து கால நீட்டிருவீக. கோயில் கூட்டி, தண்ணி தெளிச்சு, திரி போட்டு, பொழுதடைய வெளக்கேத்தி... பாவம் நடுவீட்டுக்காரி. நாளைக் கழிச்சு அவளுக்கு ரெட்டை முறை. அவ ஒத்தைக்கட்டை.”

“அவளுக்கு என்ன ரெட்டை முறை? கிணத்துலதான் அவளுக்குப் பங்கில்லையே.”

“ஆமா, நீங்க சொல்லிட்டீக. ஒண்ணுல ஒண்ணு போச்சுன்னு.” மூக்காயி விசிறிக்கொண்டே வேறெங்கோ பார்த்துச் சொன்னாள். “நான் படிக்காதவ. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் பாழாப்போன ரெட்டை முறை எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது?”

“இது ஒரு கேள்வியா? பன்னெண்டு நாளைக்கு...”

கஞ்சியை அள்ளிய கை வாய்க்குப் போகாமல் நின்றது.

“என்ன, கல்லுக் கிடக்கா?” என்றாள் மூக்காயி.

அவர் கும்பாவின் மேல் நின்ற தன் கையையே பார்த்தார். நாலு விரல். விரலுக்கு மூன்று கணு. கட்டை விரலால் கணுக்களைத் தொட்டு எண்ணித்தான் அவர் நாள் கணக்குப் பார்ப்பார். அவர் அப்பாவும் அப்படித்தான். மொத்தம் பன்னிரண்டு கணு. நாலு விரலில் ஒரு விரலை மடக்கினால் அது நாலில் ஒன்று, மூன்று கணு. நாலு விரலின் நுனிக் கணுவையும் குறுக்கே சேர்த்துத் தொட்டால், மூன்று வரிசையில் ஒரு வரிசை, அது மூன்றில் ஒன்று; நாலு கணு. கஞ்சி வழிந்து முழங்கை வரை போய்விட்டது. ஒரு வரிசைக்கு நாலு. ஒரு விரலுக்கு மூன்று. நாற்பது வருஷமாக நாள் எண்ணிய கை.

“கையைக் கழுவ தண்ணி கொண்டா” என்றார்.

“கஞ்சி அப்படியே கெடக்கு?”

“போதும்.”

தனக்குத் தெரிந்துவிட்டதென்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று கெடு வைத்தது அவர். நடுவில் ஓடிப்போய்ச் சொன்னால், ஆள் விட்டுச் சமாதானம் பேசினார் என்றாகும். தப்பு நாலு பேர் முன்னால் விழுந்தது. எடுப்பதும் நாலு பேர் முன்னால்தான். அது அவர் நினைப்பு. அந்த நினைப்போடு சனிக்கிழமை முழுவதும் பெருமாயி குடம் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த இடத்தில் மட்டும் அவர் செய்தது சரியில்லை. மூக்காயி அதை அவர் சாகும்வரை சொல்லிக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆறு பேர். வாத்தியார் மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். இருளப்பன் தைக்க வேலை இல்லாவிட்டாலும் வந்திருந்தான். பெருமாயியின் இடுப்பில் குடம் உராய்ந்த இடத்தில் சேலை நைந்திருந்தது. உச்சந்தலையில் சும்மாடு தேய்த்து மயிர் உதிர்ந்திருந்தது. இருபத்துநாலு பாத்திக்கும் தண்ணீர் காட்டியிருந்தாள். பதினெட்டில் முளை நிமிர்ந்திருந்தது. ஆறில் இன்னும் தெரியவில்லை.

காத்தமுத்து முந்திக்கொண்டான். இரண்டு நாளாக அவனும் யோசித்திருந்தான்.

“பெரியப்பா, நானே கணக்குப் போட்டுட்டேன். என் பங்கு மூணுல ஒண்ணு. வாங்குன பங்கு நாலுல ஒண்ணு. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. மூணும் நாலும் ஏழு. ஏழுல ரெண்டு எனக்கு. வாத்தியாரு மட்டுந்தான் கணக்குப் போடுவாரா?”

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெருமாயி முந்திக்கொண்டாள்.

“கொழுந்தனாரே, ஏழுல ரெண்டுன்னா வாரத்துக்கு ரெண்டு நாளுதான?”

“ஆமா. வாரத்துக்கு ரெண்டு.”

“மூணு வாரத்துக்கு?”

“ஆறு நாளு.”

“என் பங்கை வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு மூணு நாளைக்கு ஒருக்கா முறை. மூணு வாரம், இருபத்தோரு நாளுல எத்தனை முறை வந்துச்சு?”

காத்தமுத்து விரல் விட்டான். “ஏழு” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது.

“ஒரு ஜோடிக் காளையக் குடுத்து என் பங்கை வாங்குனீக. ஏழு நாளு இருந்தது ஆறாப் போச்சு. எங்க வீட்டுக்காரரு உங்கள இப்படி ஏமாத்திட்டாரே!”

இருளப்பன் இந்தத் தடவை சாலைத் தூக்கவில்லை. நேராகவே சிரித்தான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காத்தமுத்துவுக்கே உதட்டோரம் துடித்தது.

“செரி மதினி. நீங்க சொல்லுங்க பாப்போம்.”

பெருமாயி கருப்பணனைப் பார்த்து நின்றாள். அவர் நிமிர்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, வாத்தியாரு பன்னெண்டுன்னாரு. அந்தப் பன்னெண்டு எங்கேருந்து வந்துச்சுன்னு கொடம் தூக்கிக்கிட்டே நெனைச்சேன். நேத்து பூசாரி வீட்டு ராமுத்தாய் வந்து, ‘நாளைக்கு உனக்கு ரெட்டை முறையில்ல, கோயிலுக்கு யாரு போறது’ன்னா. அப்பப் பிடிபட்டுச்சு. எங்களுக்கு இருந்தது கிணத்து முறை மாதிரி, மூணு நாளைக்கு ஒருக்கா. நாங்க குடுத்தது வெளக்கு முறை மாதிரி, நாலு நாளைக்கு ஒருக்கா. ரெண்டையும் தனித்தனியாப் பாத்தா ஒண்ணும் ஒண்ணும்தான். கழிக்க முடியாது. ரெண்டும் ஒரு எடத்துல வந்து சேரணும். சேர்ற எடம் ரெட்டை முறை.”

அவள் குனிந்து கிணற்றுச் சுவர்க் கல்லில் சுண்ணாம்பால் வைத்திருந்த புள்ளிகளைக் காட்டினாள். பன்னிரண்டு புள்ளி, ஒரே வரிசையாக.

“ஒரு ரெட்டை முறையிலேருந்து அடுத்த ரெட்டை முறைக்குப் பன்னெண்டு நாளு. அதுக்குள்ள ஒரு வீட்டுக்குக் கிணறு எத்தனை தரம் வருது அத்தை?”

“நாலு தரம்” என்றாள் மூக்காயி.

“வெளக்கு?”

“மூணு தரம். எனக்குத் தெரியாதா?”

“நாலு நாளு இருந்துச்சு. மூணு நாளு குடுத்தோம். ஒரு நாளு மிச்சம். பன்னெண்டு நாளைக்கு ஒரு நாளு. அதுக்கு மேல எனக்கு ஒரு சால் தண்ணி வேணாம். அதுக்குக் கொறைஞ்சும் வேணாம்.”

காத்தமுத்து புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு கடைசிப் பிடியாக ஒன்று சொன்னான்.

“இதெல்லாம் செரி. ஊருல நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்றது? வீசமுமில்ல, அரைக்காலுமில்ல. பேரில்லாத பங்குன்னு பெரியப்பாவே சொல்லிட்டாக. பெரியப்பா சொன்னா சொன்னதுதான்.”

கருப்பணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். உதறவில்லை. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. பெரியவர்கள் முன்னால் சின்னவர்கள் செய்கிற காரியம் அது.

“ஒண்ணுல ஒண்ணு போனா ஒண்ணுமில்லன்னு வியாழக்கிழமை இந்த எடத்துல நின்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு.”

அவர் இருளப்பன் பக்கம் திரும்பினார்.

“இருளப்பா, நீ கேட்டுக்க. வாத்தியாரே, நீங்களும் கேட்டுக்கங்க. நீங்க அன்னிக்குச் சொன்னது செரி. உங்கள மட்டந்தட்டுனது என் அவசரம்.” பிறகு வலது கையை விரித்துக் காத்தமுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். “ஏலே, கணுவை எண்ணு. என் வீட்டுக்கு நாலு. எண்ணிட்டியா? உன் பங்குக்கு நாலு. நீ வாங்குனதுக்கு மூணு. எம்புட்டு ஆச்சு?”

“நாலும் நாலும் எட்டு, எட்டும் மூணும்... பதினொண்ணு.”

“மிச்சம் ஒரு கணு நிக்குதா?”

“நிக்குது பெரியப்பா.”

“கூட்டிப் பாத்தா கையில மிஞ்சவும் இல்ல, கொறையவும் இல்ல. உனக்குப் பன்னெண்டுல ஏழு. பாதிக்கு மேல நீதான். அதுல ஒருத்தரும் கை வைக்கல. ரெண்டு வருஷமா எட்டு நாளு இறைச்சிருக்க. அதக் கேக்கலாம். அவ கேக்கல.”

காத்தமுத்து தலையைச் சொறிந்தான். கெட்டவன் இல்லை, கணக்கு வராதவன். “கேக்காம இருந்ததுக்கு நன்றி மதினி” என்றான். “எந்த நாளு வேணும்?”

“ரெட்டை முறை நாளையே எனக்குக் குடுங்க. அந்த நாளை யாரும் மறக்க மாட்டாக.”

“அது கஷ்டமான நாளாச்சே! நீங்க ஒத்தை ஆளு. கமலையைத் தொட்டுட்டு வெளக்கை யாரு ஏத்துவா?”

“நான் ஏத்துறேன்” என்றாள் மூக்காயி. “நாப்பது வருசமா ஒரு ரெட்டை முறை பாத்தேன். இனிமே ரெண்டு. தேஞ்சா போயிருவேன்?”

கருப்பணன் பெருமாயியின் கையிலிருந்த வடத்தை வாங்கித் தானே சாலில் மாட்டினார். காத்தமுத்து செவலையின் திமிலைத் தட்டி நுகத்தடிக்குள் கொண்டுவந்தான். ஒரு காலத்தில் அவன் தொழுவத்தில் நின்ற மாடு, அவன் கைக்கு இணங்கி வந்தது. பெருமாயி சேலையை இழுத்துச் செருகி வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். நம் பக்கம் பெண்கள் கமலை ஓட்டுவது அபூர்வம். அன்று அவள் ஓட்டியதை இருளப்பன் பிற்காலத்தில் கதையாகவே சொல்வான். காளைகள் சரிவில் இறங்கும்போது வடத்தில் அவள் உடல் பாரம் சரியாக விழும். சால் மேலே வந்து வாய் திறக்கும் நொடியில் எழுந்து மாட்டைப் பின்னுக்குத் திருப்புவாள். ஒரு சால்கூடப் பாதியில் கொட்டவில்லை. வாய்க்காலில் முதல் தண்ணீர் புழுதியைத் தள்ளிக்கொண்டு நுரையோடு போயிற்று. வாத்தியார் வெள்ளைச் சட்டையோடு மண்வெட்டியை எடுத்து மடை திருப்பினார். இரண்டு பாத்தியை உடைத்துவிட்டார். “அய்யா, நீங்க புஸ்தகத்தப் பாருங்க” என்று இருளப்பன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

பொழுது அடையும்போது இருபத்துநாலு பாத்தியும் தண்ணீர் குடித்திருந்தன. நிமிராத ஆறு பாத்தியில் நாலு பிறகு நிமிர்ந்தன. இரண்டு போனது போனதுதான். கோயிலில் மூக்காயி விளக்கேற்றினாள்.

போகும்போது காத்தமுத்து கேட்டான், “பெரியப்பா, பேரு? அந்தப் பங்குக்கு?”

“பெருமாயி நாளுன்னு சொல்லு.”

அந்தப் பெயரே நிலைத்தது. எண்ணெய் எஞ்சின் வந்து கமலை போன பிறகும், பன்னிரண்டு நாளைக்கு ஒரு நாள் எஞ்சின் பெருமாயி நிலத்துக்கு ஓடியது. இப்போதும் அந்தக் குடும்பத்தில் கையை விரித்துக் கடைசிக் கணுவைத் தொட்டுப் பெருமாயி நாள் என்பார்கள்.

விதவை மருமகள் குடம் சுமப்பதைப் பார்த்து மனம் இளகி, கருப்பணன் தன் பங்கிலிருந்து ஒரு நாளை அவளுக்குத் தானமாக விட்டார் என்று சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவர் எதையும் கொடுக்கவில்லை. அவர் பங்கு நாலு, நாலாகவே இருந்தது. அந்த நாள் அவளுடையது.